எங்கள் திட்டத்துக்குள் புகுந்த காளான்

காஞ்சிபுரம் பக்கம் ஐயம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு உதவி செய்ய ஆள் வருகிறார்கள் என்றாலே எனக்குக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருக்கும். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நல்லவர்கள்தான். நல்லவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஒரு அமைப்பு வந்து வீட்டுக்கு வீடு தேனீப் பெட்டி கொடுத்தது. பட்டுத் தறி ஓடுகிற வீட்டில் தேனீயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொட்டு வாங்கியதுதான் மிச்சம். இன்னொரு அமைப்பு முயல் கொடுத்தது. நாங்கள் சைவக் குடும்பங்கள். தின்னவும் முடியாது, தின்பவனுக்கு விற்கவும் மனசு வராது. முயலுக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குக் குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் தாமல் பக்கத்து விவசாயி ஒருவர் டெம்போ கொண்டுவந்து கூண்டோடு ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு நாங்கள் சாப்பாடு போட்டு அனுப்பினோம்.

இந்தக் கூத்தெல்லாம் பார்த்துத்தானோ என்னவோ, ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு வறுமை ஒழிப்புத் திட்டம் போட வேண்டும், வெளிநாட்டுப் பணம் கொண்டுவருகிறவர்கள் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். ஊர்க் குழு ஒன்று அமைத்தோம். வம்பில்லாத ஒருவரைத் தலைவராகப் போட்டார்கள். பேசுவதற்கு ஒரு வாய் வேண்டுமே என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

வாரக்கணக்கில் உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு திட்டம் தயாரித்தோம். ஆயிரம் சண்டை இருந்தாலும் முதல் தேவை எது என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்களுக்குப் பாவு நீட்ட ஒரு கூரை வேண்டும்.

பாவு என்பது சேலையின் நீளவாட்டு இழைகள். மூன்று சேலைக்கான பட்டிழையைத் தெருவில் நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, அறுந்த இழைகளை முடிந்து, காயவைத்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். அதற்கு எங்களுக்கு இருப்பது தெரு ஒன்றுதான். கஞ்சி ஈரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சாயமும் கலங்கும். அப்புறம் அந்தப் பாவைக் கட்டி அழ வேண்டியதுதான்.

என் அண்ணி அப்படித்தான் அழுதாள். பக்கத்து வீடுதான் அண்ணன் வீடு. முந்தின ஐப்பசியில் அவள் பாவு நனைந்துபோய், பொங்கல் வரை தறி சும்மா கிடந்தது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று அண்ணன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் பெட்டி தூக்கப் போய், முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். அதன் பிறகு அவனால் தறிக்குழியில் உட்கார முடியவில்லை. அண்ணியின் இரண்டு கையை நம்பித்தான் அந்த வீடு. நூல் கொடுக்கிற முதலாளியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு பாவு கெட்டால் அதோடு சரி, தன்னிடம் வர வேண்டாம் என்று.

எனக்குத் திட்டம் என்றால் அண்ணியின் பாவுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா முதல் தடவை வந்தார். கூடவே மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு திட்ட அலுவலர். இங்கேதான் எங்கள் ஜனங்கள் உலகத்தில் வேறு யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார்கள். விருந்தாளி வருகிறார், கார் உள்ளே வர வேண்டும், வழியில் பாவு கிடந்தால் மரியாதையாக இருக்குமா என்று விடியற்காலையிலேயே எல்லாப் பாவையும் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். தெருவைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, மாவிலை கட்டினார்கள். யாருக்குக் கூரை கேட்கிறோமோ அந்தப் பாவையே ஒளித்து வைத்துவிட்டுக் கூரை கேட்ட ஒரே ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

அதோடு விட்டார்களா? அந்த அம்மா கோலமாவைக் கொடுத்து, உங்கள் தெருவையும் தொழில் நடக்கிற இடத்தையும் தரையில் வரைந்து காட்டுங்கள் என்றார். காஞ்சிபுரத்துப் பெண்கள் கையில் கோலமாவைக் கொடுத்தால் என்ன வரும்? தேர் வந்தது. தாமரை வந்தது. தேருக்கு இரண்டு பக்கமும் யானை வந்தது. தெரு வரவில்லை. அந்த அம்மா நெகிழ்ந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

காலியான தெருவைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு என்ன தோன்றும்? இங்கே வேலையே இல்லை என்று தோன்றியிருக்கிறது. இரண்டு மாதம் கழித்துத் திட்ட அலுவலர் வந்து, காளான் வளர்ப்பு முடிவாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். எங்கள் திட்டத்தில் காளான் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வருமானத்தைப் பெருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, காளானால் வருமானம் பெருகும், ஆகவே எங்கள் உதவி உங்கள் திட்டத்தோடு முழுமையாக ஒத்துப்போகிறது என்றார். இப்படிப் பார்த்தால் யானைப்பண்ணை கூட ஒத்துப்போகும். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு டீ குடித்தார்.

கூரையைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த அம்மா தொடக்க விழாவுக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

விழாவுக்காகத் தெருக்கோடியில் நீளமாகத் தகரப் பந்தல் போட்டார்கள். நாற்காலி, மைக் எல்லாம் வந்து இறங்கியது. விழா அன்றைக்குப் பார்த்து அண்ணிக்குப் பாவு வந்தது. முகூர்த்த மாதம் நெருங்குகிறது, இன்றைக்கே நீட்டியாக வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். குழுத் தலைவர் வந்து, விருந்தாளி போகிறவரை பொறுத்துக்கொள்ளம்மா என்று கெஞ்சினார். அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் நீட்டுங்கள் அண்ணி, கார் வேண்டுமானால் வெளியே நிற்கட்டும் என்றேன். தலைவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

கார் வெளியேதான் நின்றது. அந்த அம்மா இறங்கி நடந்து வந்தார். தெரு நெடுக அரக்குச் சிவப்பில் பாவு கிடந்ததைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அலுவலர் பாரம்பரியம், கலாச்சாரம் என்று ஏதோ விளக்க ஆரம்பித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் பதற்றமும் வருகிறது. அண்ணி கத்திய கத்தலில் தெருவே ஓடி வந்தது. பாவைத் தாங்கி நிற்கிற குறுக்குக் கழிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். சாமி புறப்பாடு மாதிரி அப்படியே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒருவர் வேகமாக நடந்தாலும் இழை அறும். ஒரு கழிக்கு ஆள் குறைந்தது. அண்ணி யோசிக்கவே இல்லை, அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கழியில் வைத்தாள்.

"கைய மேல தூக்கிக்கினு வாம்மா. தொங்க வுடாத, அறுந்துடும்."

யாரும் மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். தெருவில் அத்தனை நீளத்துக்கு இருந்த ஒரே கூரை அந்தப் பந்தல்தான். நாற்காலிகளை வெளியே தள்ளினோம், மைக்கைத் தள்ளினோம், காளான் பானரைக் கழற்றி ஓரமாகப் போட்டோம். பாவு உள்ளே போனது. காளான் விழா மழையில் நின்றது. அலுவலர் கையிலிருந்த ஃபைலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். சொன்னால் பாவம், எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அண்ணி பாவின் அடியில் குனிந்து இழையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் நனைந்திருந்தது, மற்றபடி தப்பித்தது. அந்த அம்மா சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் வந்து நின்று, போன தடவை இதை ஏன் எங்களுக்குக் காட்டவில்லை என்று கேட்டார். விருந்தாளிக்கு வழி விட்டோம் என்று அண்ணி சொன்னாள்.  அதை மொழிபெயர்த்துக் கேட்டதும் அந்த அம்மா அலுவலரோடு ஆங்கிலத்தில் ஏதோ வாதாடினார். அலுவலர் எங்கள் பக்கம் திரும்பி, நியாயம் புரிகிறது, ஆனால் இந்த ஆண்டுப் பணம் காளானுக்கென்றே வந்தது, கூரைக்கு மாற்ற முடியாது, இப்போதைக்குக் காளானை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

தலைவர் கையெடுத்துக் கும்பிடத் தயாரானார். தேனீயை வாங்கியவர்கள், முயலை வாங்கியவர்கள். கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லி எங்கள் தெருவுக்குப் பழக்கமில்லை.

அண்ணி பாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "அப்டின்னா காளான் வேணாம்மா. கோச்சிக்காத. எடுத்துக்கினு போயிடு."

இதை அலுவலர் மொழிபெயர்க்கத் தயங்கினார். பள்ளிக்கூட இங்கிலீஷை வைத்துக்கொண்டு நானே சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன், ஆனால் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணியைத் திட்டாத ஆள் இல்லை. வந்த மகாலட்சுமியை விரட்டிவிட்டாள் என்றார்கள். சில பேர் என் வீட்டு வாசலில் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். உதவி நின்றது. தெருவில் எங்களோடு பேச்சும் நின்றது. அந்த வருஷ ஐப்பசி முழுக்க அண்ணி வானத்தைப் பார்த்துப் பார்த்தே பாவு நீட்டினாள். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அவள் பாவு ஒன்று கெட்டிருந்தால் நான் என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மறுவருஷம் அலுவலர் போன் செய்தார். பருவநிலை மாற்றம் என்ற தலைப்பில் அவர்களிடம் வேறு பணம் இருக்கிறதாம். அந்த அம்மாதான் அலைந்து தேடிப் பிடித்தாராம். உங்கள் திட்டத்தில் பருவநிலை என்று எங்கேயாவது வருகிறதா என்று கேட்டார். எங்கள் முதல் கோரிக்கையே மழைக்குக் கூரைதான் சார், அதற்கு மேல் பருவநிலைக்கு எங்கே போவது என்றேன்.

தெருவை ஒட்டிய புறம்போக்கில் நீளமாகக் கொட்டகை வந்தது. முகப்பில் எங்களுக்கே வாயில் நுழையாத ஒரு பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். எங்களுக்கு அது பாவுக் கொட்டகை.

முதல் பாவு அண்ணியுடையதுதான் என்று அவளைத் திட்டியவர்களே முடிவு செய்தார்கள். மயில்கழுத்து நிறப் பாவு. கஞ்சி பூசி முடித்த நேரம் சொல்லிவைத்த மாதிரி மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. அண்ணி பழக்கத்தில் கழியைப் பிடித்துத் தூக்கப் போனாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து மழையைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

"இவ்ளோ நேரம் பெய்யுமா மழ? நான் ஒக்காந்து பார்த்ததே இல்ல" என்றாள்.