தக்காளி இனிக்கத் தொடங்கிய வருடம்

வெள்ளிக்கிழமை இரண்டாம் பீரியடில் அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். "நம்ம ரஹ்மத் டீச்சர் போயிட்டாக சார்" என்றார். நெஞ்சுவலி. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். கரும்பலகையில் இருந்த கணக்கை நான் முடிக்கவில்லை.

நம் பள்ளியில் வேதியியல் நடத்திய ரஹ்மத் டீச்சரை நாம் தக்காளி டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். என் எதிர்வீடு. கணவருக்குச் சவூதியில், தமாமில் வேலை. மொட்டைமாடி முழுக்கப் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம்கள். அனல் ஏறாமலிருக்க வெளியே சுண்ணாம்பு அடித்திருப்பார். மண்ணோடு ஆட்டுப்புழுக்கை, தென்னை நார்க்கழிவு. புரட்டாசியில் விதைத்துவிடுவார். "பங்குனி வெயிலுக்கு முந்திக் காய் பிடிச்சிரணும் சார், பொறவு பூவெல்லாம் கொட்டிப்போயிரும்" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாதம், ஆசிரியர் அறையில் பழங்களை நறுக்கி வைத்தார். அப்படியொரு ருசியை யாரும் கண்டதில்லை. தட்டு காலியானது. டீச்சர் மட்டும் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார்.

"என்ன உரம் போட்டீக?" என்று கேட்டேன்.

"அதே விதை, அதே மண்ணு சார். நான் எதையும் மாத்தல. தண்ணிதான் மாறியிருக்கு. உப்பு ஏறினா செடியால தண்ணி இழுக்க ஏலாது. பழம் சிறுத்து, இனிப்பு கெட்டியாயிரும். எனக்குப் பயமா இருக்கு."

நாம் எல்லாரும் சிரித்தோம்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் பாதி டிரம்களுக்குச் சேமித்த மழைத்தண்ணீரும், மீதிக்குத் தெரு போர்வெல் தண்ணீரும் ஊற்றினார். மழைத்தண்ணீர்ப் பழம் பெரிதாக, சப்பென்று இருந்தது. போர் தண்ணீர்ப் பழம் நெல்லிக்காய் அளவுதான், தேனாக இனித்தது. மாதம் ஒருமுறை பள்ளி ஆய்வகத்தில் அந்தப் போர் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் சொட்டுவிடுவார்; உப்பு இருந்தால் வெளுக்கும். முதலில் லேசாகக் கலங்கியது. பிறகு பால்போல வெளுத்தது.

தெருக்கோடித் தோப்பில் ஆழமான போர் இரண்டு போட்டு, லாரி லாரியாகத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அங்கே போனபோது நானும் கூட இருந்தேன்.

"தக்காளிய வச்சு ஊரையே மெரட்டுறீகளா டீச்சர்?" என்றார் தோப்புக்காரர்.

"நீங்க உறிஞ்ச உறிஞ்ச, மண்ணுக்கடியில கடல் தண்ணி உள்ள வருது. நான் மெரட்டலண்ணே. செடி சொல்லுது."

தோப்புக்காரர் என் மனைவிக்குப் பெரியப்பா மகன். நான் டீச்சரை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

இந்த மாசியில் காய்கள் அடிப்பக்கம் கறுத்து விழுந்தன. இலையோரங்கள் கருகின. தோப்பில் தண்ணீர் விற்பதை நிறுத்தச் சொல்லி டீச்சர் தாசில்தாருக்கு மனு எழுதி, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒரு கையெழுத்து போடுங்க சார்."

"பார்ப்போம் டீச்சர்" என்றேன்.

"பாருங்க. ஆனா சீக்கிரம் பாருங்க."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் மகள் என்னை மாடிக்கு அழைத்துப்போனாள். டிரம்களில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உயிரோடு நின்ற ஒரே செடியில் ஒரே பழம். பறித்துக் கொடுத்தாள். வாயில் போட்டேன். தேனாக இனித்தது. மனுவைக் கேட்டு வாங்கினேன். அதில் அவர் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

கீழே என் பெயரை எழுதி, திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். திரும்பி வரும்போது தோப்பு வாசலில் மூன்று லாரிகள் காத்து நின்றன.

இப்போது தெருவில் டீக்குப் போர் தண்ணீர் கலந்து பால் காய்ச்சினால் திரிகிறது. எல்லாரும் பால்காரரைத் திட்டுகிறார்கள். நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். சிலர் பாதியிலேயே உள்ளே போய்விடுகிறார்கள். நண்பர்களே, டீச்சரின் புத்தகங்களை மகள் பள்ளிக்குத் தந்துவிட்டாள். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான்.