கை போகும் இடம்

என் வீட்டு முன்விறாந்தையில் ஒரு பழைய கதிரை இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து ஒருதரம் முழிப்பார்கள். அதன் இருக்கையை ஏற்றி இறக்கலாம், முதுகுப் பலகையைச் சாய்க்கலாம். வலது பக்கத்தில் மட்டும் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு தேக்கம்பலகை நிற்கிறது. அந்தப் பலகையில் உளியால் கீறிய சிறு குறி ஒன்று. “சவரக்கடைக் கதிரையோ?” என்று கேட்டவர்களும் உண்டு. நான் ஓம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் அவர்களுடைய தேத்தண்ணி ஆறிவிடும்.

அது கண்டியில் எங்கள் முதலாளியின் கார்ப் பட்டறையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலை தேடி வந்த என்னை அவர் கிளாக்கராக வைத்துக்கொண்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில், மகாவலி ஆற்றுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டில். எஞ்சினும் சில்லும் அடிச்சட்டமும் சீமையிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் கண்டிக்கு வரும். அதற்குமேல் உள்ள உடம்பு முழுவதையும், அதாவது கதவு, ஆசனம், கூரை எல்லாவற்றையும், நாங்கள் மரத்தாலும் தகட்டாலும் கட்டுவோம். அதனால் ஊரில் அது முதலாளியின் கார் என்றே பெயர் பெற்றது. எஞ்சினைச் செய்த சீமைக்காரனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முதலாளியும் அதை மறுத்துப் பேசியதில்லை.

முதலாளி கண்டிச் சோனகர், முஸ்லிம். அவருடைய வாப்பா மாட்டு வண்டி கட்டியவர். கார் வாங்க யார் வந்தாலும் முதலில் இந்தக் கதிரையில் இருத்துவார். “இரிங்க தொரை. கண்ண மூடுங்க. இப்ப எறங்கப் போறீங்க. கதவத் தொறக்கக் கை எங்க போகுது?” என்பார். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் துழாவுவார். கை பலகையில் எங்கே படுகிறதோ அங்கே வெண்கட்டியால் ஒரு புள்ளி. கைப்பிடி அங்கேதான் வரும். இருக்கையின் உயரம், முதுகின் சாய்வு, ஹோர்ன் இருக்கும் இடம் எல்லாம் இதே கதைதான். அவர் சொல்லச் சொல்ல நான் விருப்பச் சீட்டில் எழுதுவேன். அது என் வேலை. அடுத்தவர் வருமுன் பலகையைத் துடைப்பதும் என் வேலை.

என்னென்ன விருப்பங்கள்! வத்தேகமைத் தோட்டத்து டொக்டருக்கு ஆசனத்தின் கீழே மருந்துப் பெட்டி வைக்க ஓர் அறை. அம்பிட்டியவில் இருந்து கோட்டில் வழக்குப் பேசிய எங்கள் ஊர் அப்புக்காத்துக்குத் தலைப்பாகை இடிக்காத கூரை. அவருக்காகக் கூரையை ஒரு சாண் உயர்த்தினோம், அந்தக் கார் கல்யாணப் பந்தல் போல் ஊரெல்லாம் அசைந்து திரிந்தது. சிங்களப் பிரபுக்களின் வளவு வீட்டில் இருந்த நோனா அம்மாவுக்குச் சேலை தடுக்காமல் ஏறத் தாழ்ந்த படி. ஒரு தோட்டத்துத் துரைக்கு நாய்க்குத் தனி ஆசனம். முதலாளி அந்த நாயையும் கதிரையில் இருத்திப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. “நாய்க்கும் இடுப்பு ஈக்குது தானே, தம்பி” என்றார்.

பிறகு காலம் மாறியது. தேயிலைக்கும் றப்பருக்கும் விலை விழ, தோட்டத்துத் துரைமார் வருவது நின்றது. உடம்பும் உயிருமாக முழுக் கார்களே கப்பலில் வந்து இறங்கத் தொடங்கின. எல்லாம் இரும்பு, எல்லாம் ஒரே அச்சு. வளவு நோனாவின் மகனே அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனான். முப்பது பேர் வேலை செய்த கொட்டிலில் ஒன்பது பேர் மிஞ்சினோம். அந்த ஒன்பது வீட்டு அடுப்பும் முதலாளியின் தலையில் இருந்தது.

அப்போதுதான் பிலிமத்தலாவையிலிருந்து ஒரு பஸ் கம்பனியின் கடிதம் வந்தது. முதலில் ஆறு பஸ். அவை சரியாக அமைந்தால், இனிமேல் அவர்களுடைய பஸ் எல்லாம் எங்களிடம்தான். ஒரே ஒரு நிபந்தனை: ஆறும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்றின் கதவைக் கழற்றினால் மற்றதில் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நான் கடிதத்தை இரண்டு முறை வாசித்துச் சொன்னேன். முதலாளி சந்தோஷத்தில் எல்லோருக்கும் தொதல் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஆனால் இரண்டு நாளாக வேலை தொடங்கவில்லை. கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இதில யாரு தம்பி இரிக்கப் போற?” என்று கேட்டார்.

“டிரைவர்மார்தான், முதலாளி. ஆனா எல்லாம் ஒரே மாதிரி வேணுமெண்டு எழுதியிருக்கினம்.”

“வெளியால பார்க்க ஒரே மாதிரித்தானே ஈக்கும்? காலையில ஏறினா பொழுதுபட்டு மகரிபுக்குத் தானே அவனுகள் எறங்குற. இரிக்கிறவன்கிட்டக் கேக்காம எனக்குச் செய்ய ஏலா. வரச் சொல்லிக் கடிதம் போடுங்க.”

அந்தக் கடிதத்தை எழுதியது நான். கிழித்துப் போட்டிருக்கலாம், ஒன்பது வீட்டு அடுப்பை முதலாளிக்கு நினைவுபடுத்தியிருக்கலாம். கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு டிரைவர்மாரும் வந்தார்கள். ஒருவர் நெடுவல், ஒருவர் குள்ளம், ஒருவருக்கு முழங்கால் மடங்காது. வாழ்நாளில் அவர்களிடம் யாரும் உனக்கு எது வசதி என்று கேட்டிருக்கமாட்டார்கள். முழங்கால் மடங்காதவர் கண்ணை மூடி, கையை நீட்டி, “இங்கதாங்க மொதலாளி” என்று சொல்லி, அந்த இடத்திலிருந்து கையை எடுக்காமலே இருந்தார். அதைப் பார்த்த பிறகு கம்பனியின் கடிதத்தை மடித்து வைத்தேன். ஆறு சீட்டு எழுதினேன். ஆறும் ஆறு விதம்.

பஸ்களைப் பார்வையிட வந்த மனேஜர் ஒரு கதவைக் கழற்றி அடுத்த பஸ்ஸில் பூட்டச் சொன்னார். பூட்டவில்லை. நெடுவல் டிரைவரைக் குள்ளருடைய பஸ்ஸில் ஏறச் சொன்னார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. “நான் கேட்டது ஆறு பஸ். நீங்க ஆறு ஆளுக்குச் சட்டை தச்சு வச்சிருக்கிறீங்க” என்றார். அவர் கத்தவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. டிரைவர்மார் நாளுக்கு நாள் பஸ் மாறுவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஏன் தோன்றவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அந்த ஆறையும் எடுத்துக்கொண்டார். அடுத்த ஓர்டர் கொழும்புக்குப் போய்விட்டது.

பட்டறை பூட்டிய நாளில் முதலாளி ஒவ்வொருவர் கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். மரவேலைப் பாஸ், எங்கள் தலைமைத் தச்சர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கடைசியில் நானும் கதிரையும் மிஞ்சினோம். “கடிதம் எழுதினது நான்தானே, முதலாளி” என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல், “இரிங்க தம்பி” என்றார். பன்னிரண்டு வருஷத்தில் நான் அதில் இருந்ததே இல்லை. கிளாக்கருக்கு எதற்குக் கார்? “கண்ண மூடுங்க. எறங்கப் போறீங்க. கை எங்க போகுது?” கையை நீட்டினேன். வெண்கட்டிப் புள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு உளிச் சத்தம். கண்ணைத் திறந்தபோது அவர் குனிந்து மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தார். “இதத் தொடைக்க ஏலா. கதிரைய நீங்களே கொண்டு போங்க” என்றார். நான் அழுதேன், வெட்கப்படாமல்.

இப்போது என் மகனிடம் கார் இருக்கிறது. நல்ல கார்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் இறங்கும் நேரத்தில் என் கை கதவெல்லாம் துழாவுகிறது. “அப்பா, இன்னும் முன்னுக்கு” என்று மகன் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொடுக்கிறான். வீட்டுக்கு வந்ததும் இந்தக் கதிரையில் இருந்து, கண்ணை மூடிக் கையை நீட்டிப் பார்க்கிறேன். வயதில் உடம்பு குறுகிவிட்டது போலும். விரல் இப்போது குறிக்கு ஓர் அங்குலம் கீழே போய் நிற்கிறது. முதலாளி இருந்தால் வெண்கட்டியை எடுத்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்திருப்பார்.