சீர்த்தட்டில் வைத்த விளையாட்டுப் பெட்டி

என் சித்தப்பா மகன் மருதப்பன் அண்ணன் ஃபோன் போட்டு, "பையன் பொறந்திருக்கான், ரஞ்சன்னு பேர் வச்சிருக்கோம்" என்று சொன்னபோதுதான் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டேன். எங்கள் வகையறாவில் அதற்கு முன் அப்படி யாருக்கும் பெயர் கிடையாது. எல்லாம் சாமி பெயரும் பாட்டன் பெயரும்தான்.

அந்த ரஞ்சன் வளர்ந்து டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடியில் வீடியோ கேம் கடை வைத்தான். அவன் தங்கை ரோஷினியை ஊரின் மேற்குப் பக்கம் கிளமெண்டியில் கட்டிக்கொடுத்தோம். அவள் மகள் ரக்ஷனா பெரியவளானாள். தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டுமே. பட்டு, வளையல், பழம் எல்லாம் வழக்கம்போலத்தான். நடுத்தட்டில் மட்டும், அப்போதுதான் கடைக்கு வந்திருந்த, டிவியில் மாட்டி கேம் ஆடுகிற புது விளையாட்டுப் பெட்டி ஒன்றை வைத்து ரஞ்சன் தூக்கி வந்தான். பிள்ளைக்குக் கால்பந்து கேம் என்றால் உயிர்.

ரோஷினியின் மாமியார் சாமுண்டீஸ்வரி சபையிலேயே கேட்டாள்.

"என்னப்பா, நகை வைக்கிற தட்டுல ரேடியோ மாதிரி என்னமோ வச்சிருக்க?"

"இருங்கம்மா. பெரிய கம்பெனிக்காரனுங்க எல்லாம் இதுக்கு கேம் செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டாங்க லா. ஃபுட்பால் கேமும் வந்துடும். நான் பொறுப்பு."

பெட்டியைச் செய்வது ஒரு கம்பெனி, அதில் விளையாடும் கேம்களைச் செய்வது வேறு கம்பெனிகள் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தும், யாரோ சொன்ன வாக்குக்கு இவன் சபையில் பொறுப்பேற்றான். அவனை நம்பிச் சொந்தக்காரர்கள் பலரும் அதையே வாங்கினார்கள்.

பெட்டி எந்த ஊரிலும் சரியாக விற்கவில்லையாம். அதனால் ஒரு கம்பெனி, கேம் இப்போதைக்கு இல்லை என்றது. இன்னொன்று வாயையே திறக்கவில்லை. கால்பந்து கேம் செய்கிறவன் மற்ற பெட்டிகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டான்.

தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் பக்கத்திலிருக்கும் அவன் கடைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். கம்ப்யூட்டரில் கேம் வருமா வராதா என்ற செய்தியையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"அவங்ககிட்ட நீயே கேட்டுப் பாரேன்டா" என்றேன்.

"யார்கிட்ட அத்தை கேக்குறது? என்னை அவனுக்குத் தெரியுமா?"

சொந்தக்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்த பெட்டிகளை வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிப் பெட்டி கொடுத்தான். ரக்ஷனாவுக்கும் வேறொன்று எடுத்துக்கொண்டு கிளமெண்டிக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். சாமுண்டீஸ்வரி வாசலிலேயே மறித்தாள்.

"சபையில வச்ச சீரைத் திருப்பி எடுக்குறது எங்க பக்கம் கிடையாதுப்பா. பிள்ளைக்கு ஆகாது."

"அதுல விளையாட இனிமே ஒண்ணும் வராதும்மா."

"நீதானே பொறுப்புன்ன? பரவால்ல விடு. ஷோகேஸ்ல வச்சா பார்க்க அழகாத்தான் இருக்கு."

ரோஷினி எங்களோடு லிஃப்ட் வரைக்கும் வந்தாள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"இனிமே எதையும் தூக்கிட்டு வராதண்ணா. நீ போயிடுவ. தினமும் பேச்சு வாங்குறது நான்தான்."

கொண்டுபோன பெட்டியை மார்போடு அணைத்தபடி லிஃப்ட்டில் நின்றான்.

ரஞ்சன் இப்போது புக்கிட் மேராவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். கடையும் நடக்கிறது. கிளமெண்டிக்குப் போவதில்லை.