கேட்டுல கழட்டுன கைலி

பேராக்குல எனக்குத் தெரியாத ரோடே கெடையாது. சும்மா சொன்னேன். ஈப்போவுக்குப் போறவன் வழி தப்பி, ஏதோ ஒரு கவர்மெண்டு ஆஸ்பத்திரி கேட்டுல நிக்கிறேன். மழையில நனஞ்ச சிலுவார், அதான் பேண்ட், மோட்டர் சைக்கிள் மேல காயுது. முட்டி தெரியுற அரக்கால் சிலுவாருக்கு மேல நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியிருக்கேன். ரோடு, மரம் எல்லாம் பனியில மெதக்குது.

ஸ்கர்ட் போட்ட ஒரு பொண்ண, கேட்டுக்குக் காவல் நிக்கிற ஜாகா மறிக்கிறாரு.

"முட்டி தெரியுதும்மா. உள்ள விடக்கூடாது."

"அம்மாவ இப்ப ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோறாங்கண்ணே!"

"ஏண்ணே, முட்டியப் பாத்தா டாக்டர் கத்திய கீழ போட்டுருவாரா?"ங்கிறேன் நான்.

"ரூல் என்னுது இல்லலா. உள்ள உள்ளவங்களுக்கு கவர்மெண்டு சம்பளம், பென்சன். நான் கான்ட்ராக்ட். இவள விட்டா நாளைக்கு எனக்கு வேல இல்ல."

அவரு சொல்றதும் சரிதான். கைலிய அவுத்துக் குடுக்குறேன். அவ சுத்திக்கிட்டு ஓடுறா. நீலக் கட்டம் தண்ணியில போற மாதிரி தூரத்துல கரையுது.

"இந்தக் காலப் பாத்துத்தாண்ணே, சிலிம் ரிவர்ல ஒரு பொண்ணு வீட்டுல..."ன்னு ஜாகாகிட்ட கதைய ஆரம்பிக்கிறேன்.

அதுக்குள்ள அந்தப் பொண்ணு வாசப்படியில வந்து நின்னு என்னப் பாத்துக் கத்துறா: "அண்ணே! அம்மாவப் பாத்துட்டேன்! கைலி யாருதுன்னு கேட்டு சிரிக்கிறாங்க, சீக்கிரம் வாங்க!"

ஜாகா என் முட்டியப் பாக்குறாரு. அப்புறம் மெதுவா மலப் பக்கம் திரும்பிக்கிறாரு.

"ஓடு மச்சான்."