மிராசுதார் படகுக்கு மைக் செட் கட்டிய கதை

பாய்மரப் படகில் மைக் செட் கட்டியவன் உத்திரமேரூர் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. புத்தியுள்ளவன் யாரும் அந்த வேலைக்குப் போயிருக்க மாட்டான். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் மைக் ஏன் ஊளையிடுகிறது, ரிக்கார்டு ஏன் தாண்டுகிறது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் நின்று விளக்க எனக்குக் கூச்சம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

வாலாஜாபாத்தில் ஒரு மைக் செட் கடையில் அப்போது எனக்கு வேலை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக், இரண்டு குழாய் ஒலிபெருக்கி, சாவி கொடுத்தால் சுற்றும் ரிக்கார்டு பெட்டி, ஒரு லாரி பேட்டரி. இவ்வளவுதான் கடை. இதில் ஒன்று கெட்டால் கடை மூடிக்கொள்ளும்.

வைக்கோல் போரில் கப்பல்

உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அந்த ஊர் மிராசுதார், பட்டணத்தைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களை ஏலத்தில் எடுத்தார். நாற்காலி, மேஜையோடு ஒரு பாய்மரப் படகும் வந்துவிட்டது. பதினைந்து அடி நீளம். லாரியிலிருந்து அதை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஏரியில் அப்போது தண்ணீர் இல்லை. இரண்டு வருஷம் படகு அங்கேயே கிடந்தது. கோழிகள் அதில் முட்டையிட்டு அடைகாத்தன.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியே வெளியே ஓடியது. ஏரிக்குப் பூஜை போட ஒரு பெரிய ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. மிராசுதாருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் ஆகவேண்டும் என்று ஆசை. ஆபீசரும் ஜனங்களும் கரைமேல் நிற்க, தான் படகில் கரையோரமாகப் போய்க்கொண்டே வரவேற்புப் பேச்சு பேசவேண்டும், பேச்சுக்கு முன்னாலும் பின்னாலும் நாதஸ்வர ரிக்கார்டு ஒலிக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்கு ஒன்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது.

எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் போவணும். செட்டு முச்சூடும் உன் கையில கீது. நனச்சிக்கினு வந்தன்னா, கடப்பக்கம் தலவெச்சிப் படுக்காத. சொல்ட்டன்."

சரி என்று தலையாட்டினேன். அந்த வேலையை விட்டால் எனக்கு அண்டை அயல் நிலங்களில் கூலி வேலைதான். அதில் என் அப்பாவின் முதுகு எப்படி வளைந்தது என்று நான் பார்த்திருக்கிறேன்.

ஊளை

முதல் ஒத்திகை வைக்கோல் போரிலேயே நடந்தது. மிராசுதார் படகில் ஏறி நின்றுகொண்டார். கையில் மைக். குழாய் இரண்டும் படகின் மூக்கில். ஆம்ப்ளிஃபையரைத் தரையில் வைத்துக்கொண்டு நான் கீழே நின்றேன். "மகாஜனங்களே" என்று அவர் ஆரம்பித்ததும் செட் 'ஊ...' என்று கூவியது. தெரு நாய்கள் சேர்ந்துகொண்டன.

"டேய் மைக்கு! இன்னாடா அது?" அவர் கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஊளைங்க, ஆண்டே."

"யாரு வுடறது?"

"நீங்க பேசறது கொழா வழியா வெளிய வந்து, திரும்பி மைக்குக்குள்ளயே பூந்துக்குதுங்க. ரெண்டும் கிட்ட கிட்ட கீது."

அவர் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பேச்சு என்கிட்டயே திரும்பி வருதா? நல்லதுதான? இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினேன். கோழிகள் வேலி தாண்டி ஓடின. அவருடைய கணக்கப்பிள்ளை மட்டும் அசையாமல் நின்று, "கம்பீரமா கீதுங்க" என்றார்.

ஊசி தாண்டுகிறது, பாய் சத்தத்தைத் தின்கிறது

இரண்டாவது ஒத்திகை தண்ணீரில். பாய்மரம் பிடிக்கத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து சிங்காரம் என்ற படகுக்காரரை வரவழைத்திருந்தார்கள். கடலில் போகிற மனிதர். ஏரியைப் பார்த்து, "இதுக்கா என்னக் கூப்ட்டீங்க? இதுல எங்கூட்டு எரும குளிக்கும்" என்றார். ஆனால் பாய் எப்படித் திரும்பும் என்று அவருக்குத்தான் தெரியும். அன்று படகில் சிங்காரமும் நானும் மட்டும். மிராசுதார் கரைமேல் குடை பிடித்து நின்றார்.

படகு ஆட ஆட ரிக்கார்டில் ஊசி தாண்டியது. நாதஸ்வரம் ஒரே இடத்தை ஏழெட்டுத் தடவை வாசித்தது. "வித்துவானுக்கு விக்கல் எடுத்துக்கிச்சு" என்றார் சிங்காரம். பிறகு அவரே வழியும் சொன்னார். "கொழந்தைய ஏணயில போடறா மாரி தொங்கவுடு நைனா. வூடே இடிஞ்சி வுழுந்தாலும் ஏணயில கீற கொழந்த ஆடாது."

ஒரு பழைய வேட்டியில் ரிக்கார்டு பெட்டியைத் தூளி கட்டித் தொங்கவிட்டேன். படகு சாய்ந்தாலும் பெட்டி நேராகத் தொங்கியது. ஊசி தாண்டவில்லை. பிள்ளைகளே, ஆடுகிற வண்டியில் பாட்டு போட இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

குழாய்தான் அடங்கவில்லை. பாய்க்குக் கீழே வைத்தால் பாய் சத்தத்தைத் தின்றுவிட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசிப்பதுபோல் கேட்டது. பாய்மரத்தின் உச்சியில் கட்டினேன். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, சிங்காரம் எதிர்ப்பக்கம் தாவி உட்கார்ந்ததால்தான் கவிழாமல் தப்பித்தோம்.

கரையேறியதும் மிராசுதார் தன் உத்தரவைச் சொன்னார். "கொழா கரப்பக்கம்தான் பாக்கணும். எதிர்ப்பக்கம் பாக்க வேணாம்."

எதிர்ப்பக்கம் சேரி. அறுபது குடிசை. அவருடைய நிலம் முழுவதையும் உழுது நட்டு அறுப்பவர்கள் அவர்கள்தான்.

"படகு திரும்பனா கொழாவும் திரும்புங்களே, ஆண்டே."

"படகு திரும்பட்டும். கொழா திரும்பக்கூடாது. அதுக்குத்தான உன்ன வரவெச்சிக்கீறன்?"

பன்னிரண்டு முழம்

அதுவரை எல்லாருக்கும் மறந்திருந்த ஒரு விஷயம் அப்போதுதான் கணக்கப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. அவர் மிராசுதாரின் காதில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஓரிக்கைப் பக்கத்துச் சேரிக்காரன். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். பூஜையன்று மிராசுதார் படகில் உட்காருவார். செட்டைப் பார்த்துக்கொள்ள நானும் படகில் இருக்கவேண்டும். பதினைந்து அடிப் படகு. ஆபீசர் பார்க்க, ஊர் பார்க்க, இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்காருவதா?

வேறு ஆளைப் போடலாம் என்றார்கள். செட்டைத் தொடத் தெரிந்த வேறு ஆள் இல்லை. சொல்லிக் கொடுத்துவிட்டு நான் கரையில் நிற்கலாம் என்றார்கள். கணக்கப்பிள்ளையின் மருமகன் ஆம்ப்ளிஃபையரைத் தொட்டான். கம்பி கையில் பட்டுத் தூக்கிப் போட்டது. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனான்.

கடைசியில் கணக்கப்பிள்ளையே ஒரு வழி கண்டுபிடித்தார். வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டி ஒரு தெப்பம். அதில் நானும் செட்டும் குழாயும். தெப்பத்தைக் கயிற்றால் படகுக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போவது. நடுவே மைக் ஒயர் மட்டும் ஓடும்.

"எவ்ளோ தூரம் வுடலாம்?" என்று மிராசுதார் கேட்டார்.

"பன்னண்டு மொழம் வுட்டா தோஷமில்லீங்க" என்றார் கணக்கப்பிள்ளை. எந்தப் புத்தகத்தில் பார்த்தாரோ தெரியாது. கையால் முழம் போட்டு அவரே கயிற்றை அளந்தார்.

எனக்குத் தெப்பத்தின் மேல்தான் பயம். என் மானத்தைப் பற்றிய கவலை இல்லை, அது பழகிப்போனது. வாழைமரம் ஊறினால் பிரியும். பிரிந்தால் செட் தண்ணீரில். செட் தண்ணீரில் என்றால் என் வேலையும் தண்ணீரில். ஆனாலும் சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் ஒத்திகை பார்த்தபோது ஓர் அதிசயம். ஊளை போய்விட்டது. மைக் படகில், குழாய் பன்னிரண்டு முழம் பின்னால். சத்தம் திரும்பி மைக்குக்குள் புக வழியில்லை. பாயும் குழாயை மறைக்கவில்லை. மிராசுதார் தொண்டையைக் கனைத்தால்கூடக் கரைமேல் தெளிவாகக் கேட்டது. மைக் செட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அந்த ஜில்லாவில் யாரும் செய்திருக்க முடியாது.

"பாத்தியாடா மைக்கு? ஆசாரம்னா சும்மாவா?" என்றார் மிராசுதார்.

அவுத்துவுடு

பூஜை அன்று வாடைக்காற்று பலமாக இருந்தது. கரைமேல் பந்தல். ஆபீசர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். தெப்பத்தில் மூன்று மூங்கிலைக் கூட்டி நட்டு, தூளியில் ரிக்கார்டு பெட்டி. குழாய் கரையைப் பார்த்தபடி. பேட்டரியை என் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன்.

போகும்போது காற்று பின்னாலிருந்து, கரைப்பக்கமிருந்து சாய்வாகத் தள்ளியது. நாதஸ்வரம் முழங்கியது. மிராசுதார் பேசினார். ஏரியைத் தன் பாட்டனார் வெட்டியதாகச் சொன்னார். மழையையும் கிட்டத்தட்டத் தானே வரவழைத்ததாகச் சொன்னார். ஆபீசர் தலையாட்டியது தெரிந்தது.

திரும்பும்போதுதான் வினை. எதிர்க்காற்றில் பாய்மரப் படகு நேராக வராது, வளைந்து வளைந்து வரவேண்டும். பின்னால் தெப்பம் கட்டி இழுத்தால் வளையவே வளையாது. படகு நின்ற இடத்திலேயே நின்று ஒருபக்கம் சாய்ந்தது. மிராசுதாரின் அங்கவஸ்திரம் தண்ணீரில் நனைந்தது.

"தெப்பம் இழுக்குதுங்க! திரும்ப மாட்டுது!" என்று சிங்காரம் கத்தினார்.

மைக் இன்னும் மிராசுதாரின் கையில்தான் இருந்தது. அதனால் அவர் அடுத்துச் சொன்னதை ஆபீசரும் கேட்டார், ஊரும் கேட்டது.

"அந்த சனியன அவுத்துவுடுடா!"

"ஆளு கீறாங்க அதுல! செட்டு கீது!"

"அவுத்துவுடுன்னா அவுத்துவுடு!"

சிங்காரம் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். மைக் ஒயர் செட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. காற்று என்னை எதிர்ப்பக்கம் தள்ளியது. எனக்கு நீச்சல் தெரியாது. ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நடு ஏரியில் வாழைமரம் ஒன்று கட்டவிழ்ந்து தனியாகப் போனது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. தண்ணீர் என் வேட்டி ஓரத்துக்கு வந்தது; பேட்டரியையும் மடிக்கு ஏற்றிக்கொண்டேன். முதலாளியின் முகம்தான் கண்முன் வந்தது.

சேரி ஆட்கள் பார்த்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஆழம் குறைவு. பத்துப் பன்னிரண்டு பேர் மார்பளவுத் தண்ணீரில் வரிசையாக இறங்கி வந்தார்கள்.

"மொதல்ல பொட்டிய வாங்குங்க! என்ன அப்பறம் பாத்துக்கலாம்!" என்று கத்தினேன். நான் வாழ்க்கையில் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

ஆம்ப்ளிஃபையர், பேட்டரி, ரிக்கார்டு பெட்டி, குழாய் எல்லாம் கைக்குக் கை மாறித் தலைக்கு மேலேயே கரை சேர்ந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. கடைசியாக என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செட் பிழைத்ததா என்று தெரியவேண்டும். ஒயர்களைப் பொருத்தி, சாவி கொடுத்து, ஊசியை வைத்தேன். நாதஸ்வரம் எழுந்தது.

ஓர் அம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார். "நம்ம தெருவுக்கு சாமியும் வராது, மோளமும் வராது. இன்னிக்கி மோளம் மட்டும் தண்ணியில நீந்தி வந்துட்ச்சி, பாருடி" என்றார். கூட்டம் சிரித்தது. குழாயைக் குடிசைகளின் பக்கம் திருப்பி வைத்தேன்.

கேட்டதா?

படகு அதற்குள் நடு ஏரியில் முழுகிக் கிடந்த கருவேல மரங்களில் போய்ச் சிக்கிக்கொண்டது. மிராசுதார் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"பாட்ட நிறுத்துடா! டேய் மைக்கு! நிறுத்துடா!"

"தாளம் போடறாரு" என்றார் ஒருவர். "வித்துவான் பரம்பர போல கீது."

எனக்குக் கேட்டதா என்றால், கேட்டது. காற்று அவரிடமிருந்து எங்கள் பக்கம்தான் வீசியது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ரிக்கார்டு முடிந்ததும் புரட்டிப் போட்டேன். பிறகு அடுத்ததை எடுத்தேன். நாலு ரிக்கார்டும் எட்டுப் பக்கமும் ஓடின. ஆபீசர் எப்போது கிளம்பிப் போனார் என்று நான் பார்க்கவில்லை.

படகை மீட்டதும் சேரி ஆட்கள்தான். கணக்கப்பிள்ளை பரிசலில் வந்து கயிறு வீசினார். கயிற்றைத்தான் தொடவேண்டும், படகைத் தொடக்கூடாது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளியையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். முதலாளி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். செட் நனையவில்லை என்பதால் பாதித் திட்டு. மிராசுதார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாசலுக்கு வெளியே நின்றோம்.

"நிறுத்து நிறுத்துன்னு தொண்ட கிய்ய கத்தனனே, காதுல வுழல?"

முதலாளி என்னைப் பார்த்தார். என்ன சொல்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"தள்ளி இருந்தன், ஆண்டே. கேக்கல."

அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தன் கால் கட்டை விரலைப் பார்த்தார். முழம் போட்டு அளந்த கை அவருடையது. அவிழ்த்துவிடச் சொன்ன வாய் இவருடையது. அதை மைக்கில் ஊரே கேட்டிருந்தது. மிராசுதார் கையை வீசி எங்களைப் போகச் சொன்னார்.

மிராசுதார் பஞ்சாயத்துத் தலைவர் ஆனாரா என்றால், ஆனார். எதிர்த்து நிற்க ஆள் இல்லை. படகு மறுபடி வைக்கோல் போருக்குப் போனது. நான் அந்தக் கடையிலேயே தொடர்ந்தேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வேலை கொடுப்பவர் உங்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறார் என்று முதல் நாளே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கோபப்பட வேண்டாம். செட்டை மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் போடுகிற உத்தரவில் எதைக் காதில் வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.