தாளாளர் அறைப் பீரோ

வெளிநாட்டில் இரண்டு வருட ஒப்பந்த வேலை என்றதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஊறுகாயை எப்படிக் கட்டுவது, பெட்டி எத்தனை கிலோ இருக்கலாம், ஐந்து வயது மகளை யார் பள்ளியில் கொண்டுபோய் விடுவது என்று ஒன்று விடாமல் பேசினோம். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தேயிராத என் பெரியப்பா மகன், ஜன்னலோர இருக்கையை எப்படிக் கேட்டு வாங்குவது என்று எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தான். நான் வேலை பார்த்த பள்ளியின் பீரோவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கே அந்த நினைப்பு வரவில்லை, அதுதான் கொடுமை.

பசுமலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி பி.எட். பட்டம் வரை என் அசல் சான்றிதழ்கள் ஐந்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "இங்க பத்திரமா இருக்கும் டீச்சர்" என்றார் தாளாளர். வருடத்தின் நடுவில் யாரும் வேலையை விட்டுப் போய்விடாமல் இருக்கத்தான் அந்தப் பத்திரம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் காகிதங்களைச் சம்பாதிக்க என் அம்மா அடுத்தவர் வயலில் பதினைந்து வருடம் களை பறித்தார். கோயில் வாசலில் செருப்பை விட்டால்கூட டோக்கன் கொடுப்பார்கள். நான் அதுகூடக் கேட்கவில்லை.

மாலத்தீவில் ஒரு பள்ளியில் வேலை உறுதியாகி ஒப்பந்தமும் வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை, மதுரையில் இருந்த ஏஜென்ட் போன் செய்தார். "அசல் சர்டிபிகேட் எல்லாத்தையும் திங்கக்கெழம நாலு மணிக்குள்ள கொண்டு வந்துருங்க டீச்சர். கவர்மென்ட் முத்திரை வாங்க சென்னைக்குப் போற கடைசிக் கட்டு அதுதான். விட்டுட்டீங்கன்னா, லிஸ்டுல அடுத்து இருக்கவங்களக் கூப்பிட்டுருவோம்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே ராஜினாமா கடிதத்தோடு தாளாளர் முன்னால் போய் நின்றேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. முன்னறிவிப்புக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டிவிடுகிறேன் என்றேன். "பரீட்சை முடியட்டும். மே மாசம் வாங்க, தாரேன்" என்றார். என் சான்றிதழ் சார் அது என்றேன். "யாரு இல்லைன்னா? உங்களதுதான். மே மாசம் வாங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. எதிரே இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

திங்கட்கிழமை தாளாளர் பள்ளியில் இல்லை. வண்டியூர்ப் பக்கம் ஏதோ மண்டபத்தில் கல்யாணம், சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் வருவார் என்றார்கள். பீரோ சாவி ஆபீஸ் அக்காவிடம் இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அவர் ஆபீஸ் அக்காதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பீஸ் ரசீது, வருகைப் பதிவேடு, தாளாளருக்கு டீ என்று எல்லாம் அவர் கைதான். கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கும் மகன் இருந்தான்.

மதியம் இரண்டேகாலுக்கு அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். சமயநல்லூரில் லேத் பட்டறையில் இருக்கும் என் கணவர், அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே பைக்கோடு காத்திருந்தார்.

"அக்கா, என் ஒரிஜினலக் கொடுக்கச் சொல்லி சார் போன்ல சொல்லிட்டாரு" என்றேன்.

பொய். வகுப்பில் பிள்ளைகள் பொய் சொன்னால் முட்டி போடவைத்தவள் நான்.

அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்பச் சொன்னாரு?"

"இப்பத்தான். மண்டபத்துல இருந்து."

அவர் செல்போன் மேஜையில் கிடந்தது. எடுத்து ஒரு அழுத்து அழுத்தினால் என் கதை முடிந்தது. அவர் போனைத் தொடவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குள் போனார்.

பீரோ திறந்தது. பழுப்பு உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். என்னுடையது அடித்தட்டில் இருந்தது. நான் பிடுங்காத குறையாகக் கையை நீட்டினேன். "இருங்க டீச்சர், எண்ணிப் பாருங்க. இம்புட்டு நாள் கெடந்துருக்கு" என்றார். எண்ணினேன். ஐந்தும் இருந்தன. பெற்றுக்கொண்டதாக நோட்டில் கையெழுத்துப் போடும்போது வாசலில் கார் ஹாரன் கேட்டது. இரண்டு எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டது. காய்கறிக் கடைக்காரரின் வேன் என்று தெரிவதற்குள் செத்துப் பிழைத்தேன்.

"போயிட்டு வாரேங்க்கா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். சார் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று தெரிந்தேதான் கேட்கவில்லை.

பழங்காநத்தத்தில் நெரிசல். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கணவரைத் திட்டினேன், அந்த மனிதர் பச்சை விழுந்ததும் பைக்கை முறுக்கினார். ஏஜென்ட் அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி மூன்று ஐம்பது. உறையை வாங்கி இழுப்பறையில் போடப் போனார். கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். "என்னென்ன வாங்குனீங்க, எப்பத் திருப்பித் தருவீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார்."

"நம்பிக்கை இல்லையா டீச்சர்?"

"இல்ல சார்."

முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் முத்திரையோடு திரும்பி வந்தது. அதற்கடுத்த மாதம் நான் மாலத்தீவில் இருந்தேன்.

அங்கே போய்ப் பத்து நாள் கழித்து, பழைய பள்ளியின் தமிழ் டீச்சர் போன் செய்தார். நான் கிளம்பிப் போன பிறகு பீரோவைத் திறந்து பார்த்த தாளாளர், என் உறையைக் காணோம் என்று தெரிந்ததும் ஆபீஸ் அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். அக்காவைக் கூப்பிட எனக்குத் தைரியம் வர மேலும் நான்கு நாள் ஆனது.

"அக்கா, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அழுதுவிட்டேன்.

"தெரியும் டீச்சர்" என்றார் அக்கா. "சார் போன்ல இப்படித் தாராளமாக் கொடுக்கச் சொல்ற ஆளா? நீங்க வாயத் தொறக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா திறந்தீங்க?"

"அந்தப் பீரோவுல என்னோட பி.காம். சர்டிபிகேட்டும் கெடந்துச்சு டீச்சர். பதினேழு வருசமாச் சாவி எங்கிட்டத்தான் இருக்கு. ஒரு நாளு, ஒரு நாளுகூட எடுத்துக்கணும்னு தோணல பாருங்க. நீங்க வந்து கேட்டதும் எனக்கு வெக்கமாப் போச்சு."

"நிறுத்தும்போது சார் என்னக்கா சொன்னாரு?" என்றேன்.

"சாவியக் கொடுத்துட்டுப் போன்னு சொன்னாரு" என்றார் அக்கா. "என்னோடத எடுத்துக்கிட்டுத்தான் கொடுத்தேன்."