ஆறாவது கைக்கடிகாரம்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்த நேமிசந்திரன் பொய் பேசாத மனிதர். அவர் மனைவி ராஜமதி அந்த விஷயத்தில் அவரைவிட ஒரு படி மேல். இரண்டு பேரும் கண்ணால் பார்த்தது இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, மார்கழி மாதம்.

நேமிசந்திரனுக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. கைக்கடிகாரம். சண்டைக் காலம், புதுச் சரக்கு வருவதில்லை. அதற்காக மனிதர் விடுவாரா? மெட்ராஸ் போனால் ஒன்று, புதுச்சேரி போனால் இரண்டு. பீரோவின் மேல்தட்டு நிறைந்து கீழ்த்தட்டுக்கும் இறங்கிவிட்டது. சமணக் குடும்பம் என்பதால் தோல் வார் மட்டும் ஆகாது. அதைக் கழற்றிவிட்டு ராஜமதி துணியில் வார் தைத்துக் கொடுப்பாள். "இதுங்களுக்குச் சட்ட தெச்சே என் கை ஓஞ்சி பூடுது" என்பாள்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த அன்றே போய்விட்டன. மூன்றாவதை அவள் சுமந்தபோது நேமிசந்திரன் மேல்சித்தாமூர் கோயிலில் பொருள் வரைதல் விரதம் ஏற்றார். இவ்வளவுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று தமக்குத் தாமே அளவு போட்டுக்கொள்ளும் விரதம் அது. ஐந்து கைக்கடிகாரம் போதும், மீதியெல்லாம் தானம். இந்தக் குழந்தை மட்டும் தங்கிவிட வேண்டும்.

கொடுக்க லேசில் மனசு வருமா? ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டு, பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். கடைசியில் ஐந்து நின்றது. கூடவே வார் இல்லாத மொட்டைக் கடிகாரம் ஒன்று.

அது அவருடையதே இல்லை. முந்தின வருஷம் ஆடியில், விழுப்புரம் ஜங்ஷனில் பட்டாளத்து ரயில் நின்றபோது, ஜன்னல் வழியாக ஒரு சிப்பாய் நீட்டியது. முகையூர்க்காரன், பெயர் இருதயராஜ் என்றான். திண்டிவனத்தில் மண்டி என்று இவரும் சொன்னார். நேமிசந்திரன் கையிலிருந்த துணி வாரைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "சார், வார் அறுந்துபோச்சி. இந்த மாதிரி ஒண்ணு போட்டு வைங்க. திரும்பி வர்றப்ப வாங்கிக்கறேன்." பதில் சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அவன் வரவில்லை. முகையூருக்குப் போய் விசாரிக்கலாம், நாளைக்குப் போகலாம் என்றே நாள் ஓடிவிட்டது.

இனி எங்கே வரப்போகிறான் என்று அதையும் மண்டியில் எடை போடும் விருத்தாசலத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் பொருளை எடுத்துக் கொடுப்பது தானமா? திருட்டு. விரதக் கணக்கு சரியாக வேண்டுமே என்ற அவசரத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை.

இரண்டொரு நாளில் விருத்தாசலம் அதைத் திரும்பக் கொண்டுவந்தான்.

"வேணாம் மொதலாளி."

"ஏன்யா, ஓடலியா?"

"ஓடுது. கயிறு போட்டுக் கையில கட்டிக்கினேன், பொழுது சாயறப்ப யாரோ என் கையப் புடிச்சித் திருப்பறாங்க... மணி பாக்கறாப்ல." மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "சில்லுனு கீது மொதலாளி."

நேமிசந்திரன் சிரித்தார். நிறைமாதக்காரி ராஜமதி சிரிக்கவில்லை. "நம்பிக் குடுத்த பொருளத் தூக்கிக் குடுத்துட்டு வெரதம் வேறயா? எம்புள்ள தங்குமா?" என்று அழுதாள். அன்றைக்கே தன் கல்யாணப் புடவையின் பச்சைக் கரையை வெட்டி அந்தக் கடிகாரத்துக்கு வார் தைத்தாள். விடிந்ததும் முகையூருக்குப் போய்க் கொடுத்துவிட வேண்டும் என்று புருஷனிடம் சத்தியம் வாங்கினாள்.

மாலை ஐந்து ஐம்பது. இருட்டுவதற்குள் உண்டு முடிப்பது அவர்கள் வழக்கம். சந்துப் பக்க ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சந்தில் பூட்ஸ் சத்தம்.

டக்... டக்... ஜன்னலுக்கு வெளியே நின்றது.

"சார்..."

நேமிசந்திரன் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டாச்சா சார்?"

ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நுழைந்தது. இடது கை. சேறும் ஈரமும். மணிக்கட்டில் மட்டும் வெயில் படாத வெளுத்த வளையம்.

அவரால் அசைய முடியவில்லை.

ராஜமதிதான் எழுந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு போய்க் கடிகாரத்தை எடுத்தாள். அந்தக் கையில் கட்டினாள்.

"சரியா கீதா தம்பி?"

கை மெல்லத் திரும்பியது. மணி பார்த்தது.

பின்வாங்கியது.

நேமிசந்திரன் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தார். சந்தில் ஒருவரும் இல்லை. ஜன்னல் கட்டை மட்டும் நனைந்திருந்தது. திரும்பி வந்தபோது ராஜமதிக்கு வலி கண்டிருந்தது. விடிவதற்குள் ஆண் குழந்தை. வீடு அதிர அழுதது.

மாசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகையூர் போனார்கள். இருதயராஜின் தாய் சவுரியம்மாள் கூலி வேலைக்குப் போகிறவள். மகன் பெயரைச் சொன்னதுமே உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்து திறந்தாள். அதே கடிகாரம். ராஜமதியின் புடவைக் கரை, ராஜமதியின் தையல்.

"தம்பி எப்ப வந்துச்சி?" என்றார் நேமிசந்திரன்.

"எங்கங்க வந்தான்? பர்மா பக்கம் குண்டு வுழுந்துச்சாம். கூட இருந்த பட்டாளத்துக்காரரு வந்து இதக் குடுத்துட்டுப் போனாரு. போன வருசம் ஐப்பசியில."

வார் தைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நேமிசந்திரன் ராஜமதியைப் பார்த்தார். அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திண்டிவனத்துல ஒரு அக்கா தெச்சிக் கட்டி வுட்டாங்கன்னு எல்லாருகிட்டயும் காட்டிக்கினே இருப்பானாம்" என்றாள் சவுரியம்மாள். "இந்தப் பச்சத் துணியப் பாத்துத்தான் எம்மவன்னு அடையாளம் தெரிஞ்சி பொதைச்சாங்களாம். ஒடம்பு கெடைக்கலம்மா... எடது கை மட்டுந்தான் கெடச்சுதாம்."